போலிப் பொருளும் போன பணமும்: இணையத்தில் வாங்குவோர் அறிய வேண்டியவை

வீட்டை இழந்த ஒரு குடும்பம் மீண்டும் குடியமரும்போது கூரைக்கும் சுவருக்கும் அடுத்தபடியாகத் தேவைப்படுபவை சிறு சிறு பொருட்களே. அடுப்பு, மின்விளக்கு, பிள்ளையின் பாடசாலைப் பை, கைத்தொலைபேசி, மருந்து தெளிக்கும் கருவி, மண்வெட்டி என்று பட்டியல் நீளும். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தபோதும், 2017 மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் தாக்கியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் நமது மக்கள் இதனை நன்கு அனுபவித்தார்கள். இழந்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க வேண்டும். கையில் இருப்பதோ நிவாரணமாகக் கிடைத்த ஒரு தொகை, அல்லது நகையை அடகு வைத்த பணம். அது ஒரு தடவைதான் வரும்.

இந்த நிலையில் கைத்தொலைபேசித் திரையில், கடையில் 12,000 ரூபா விலையுள்ள பொருள் 4,500 ரூபாவுக்கு என்று விளம்பரம் வருகிறது. பஸ் ஏறி இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ போகத் தேவையில்லை, ஒரு நாள் பேரை இழக்கவும் தேவையில்லை, பொருள் வாசலுக்கே வரும். எனவே மக்கள் இணையத்தில் வாங்குகிறார்கள். இதில் தவறு எதுவுமில்லை. நல்ல பொருட்களை நியாய விலையில் பெற்றவர்கள் பலர். ஆனால் பொதியைத் திறந்து பார்த்துவிட்டு, யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டவர்களும் பலர். "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவதே நமது வழக்கமாகிவிட்டது. அப்படி விடவேண்டியதில்லை. இந்த நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது, முறைப்பாடு செய்ய இடம் இருக்கிறது, அதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிணக்கு எந்த வகையைச் சேர்ந்தது?

முறைப்பாடு செய்யுமுன் நமக்கு நேர்ந்தது என்ன என்பதைச் சரியாகப் பெயரிட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற ஒரே சொல்லில் அடக்கினால் கேட்பவருக்கு விளங்காது. பொதுவாக நான்கு வகைகள் உண்டு.

முதலாவது, போலிப் பொருள். ஒரு பிரபல நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் திருடி ஒட்டிய பொருள் இது. பெயரில் ஓர் எழுத்தை மாத்திரம் மாற்றி அச்சிட்டிருப்பதும் உண்டு. இது வாங்கியவரை மட்டுமன்றி, முத்திரையின் உரிமையாளரையும் ஏமாற்றும் செயல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் இது குற்றமாகும்.

இரண்டாவது, விளம்பரத்துக்கு ஒவ்வாத பொருள். முத்திரை போலியாக இல்லாதிருக்கலாம். ஆனால் 16 லீற்றர் தாங்கி என்று படம் போட்டு 8 லீற்றர் தாங்கியை அனுப்பியிருப்பார்கள். தேக்கு மேசை என்று சொல்லி மரத்தூள் பலகை மேசை வந்திருக்கும்.

மூன்றாவது, பழுதான பொருள். சொன்ன பொருள்தான் வந்தது, ஆனால் வேலை செய்யவில்லை, அல்லது இரண்டு நாளில் நின்றுவிட்டது.

நான்காவது, பிடிக்காத பொருள். பொருளில் குறையில்லை. அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை, அல்லது வாங்கியபின் மனம் மாறிவிட்டது.

முதல் மூன்று வகைகளிலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். நான்காவது வகையில் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையத்தில் வாங்கியவர் காரணம் எதுவும் சொல்லாமலே 14 நாட்களுக்குள் பொருளைத் திருப்பலாம். சீனாவில் 2014 முதல் 7 நாட்கள் கொடுத்திருக்கிறார்கள். நமது 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் இணைய வியாபாரத்துக்கென்று தனி அத்தியாயம் இல்லை. ஆகவே மனம் மாறினால் திருப்பலாமா என்பது விற்பவர் தமது நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அதை வாங்குமுன் வாசிக்க வேண்டும்.

யாரிடம் வாங்குகிறோம்?

இணையக் கடைகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. டராஸ் போன்ற சந்தைத் தளங்களில் பொருளை விற்பவர் பெரும்பாலும் தளத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். அது ஒரு வாரச் சந்தை போன்றது. சந்தையை நடத்துபவர் ஒருவர், கூடை வைத்து விற்பவர்கள் வேறு ஆட்கள். ஆனால் பணம் தளத்தின் கையால் போவதால், வாங்கியவர் உரிய நாட்களுக்குள் குறை சொன்னால் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு இருக்கும். இந்த நாட்கள் பொருளுக்குப் பொருள் மாறும். பொதி கையில் கிடைத்த நாளிலிருந்தே அவை எண்ணப்படும்.

இக்மன் போன்ற விளம்பரத் தளங்கள் வேறு வகை. அங்கு தளம் விளம்பரத்தை மட்டுமே போடுகிறது. வாங்குபவரும் விற்பவரும் நேரில் பேசிக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் பொருளை நேரில் பார்த்து, சோதித்து, அதன் பின்னரே பணம் கொடுப்பது முறை. "முற்பணம் போடுங்கள், அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

மூன்றாவது வகை முகநூல் பக்கங்களும் வட்ஸ்அப் குழுக்களும். நமது தோட்டங்களில் அதிகமானோர் வாங்குவது இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான். நேற்றுத் தொடங்கிய பக்கத்தை நாளைக்கு மூடிவிடலாம். எனவே பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, கடைக்கு முகவரி உண்டா, நிலையான தொலைபேசி இலக்கம் உண்டா, வாங்கியவர்கள் எழுதிய குறைகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். கருத்துப் பகுதியை முற்றாகப் பூட்டி வைத்திருக்கும் பக்கத்தில் வாங்காதீர்கள். குறை சொல்ல இடம் கொடுக்காதவர் திருப்பிக் கொடுக்கவும் மாட்டார்.

விலையும் ஒரு சாட்சிதான். நகரக் கடையில் விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் புத்தம் புதிய, பெயர்பெற்ற நிறுவனத்தின் பொருள் கிடைக்கிறது என்றால், "எப்படிக் கட்டுப்படியாகிறது?" என்ற கேள்வியை நாமே நம்மிடம் கேட்க வேண்டும்.

பணத்தை எந்த வழியில் கொடுப்பது?

பணம் போன வழியைப் பொறுத்துத்தான் அது திரும்பி வரும் வழியும் அமையும்.

பொதி வந்ததும் கையில் பணம் கொடுப்பது நமது பகுதிகளில் பெருவழக்கு. முன்கூட்டியே பணம் போகாததால் இது நல்லது. ஆனாலும் முழுப் பாதுகாப்பு அல்ல. அநேகமான கூரியர் ஊழியர்கள் பணத்தைப் பெற்ற பின்னரே பொதியைத் திறக்க விடுவார்கள். அவர் கொண்டுவந்து தருபவர் மாத்திரமே, விற்றவர் அல்லர். அவரோடு சண்டை போடுவதில் பயனில்லை. பொதியின் மேல் ஒட்டியிருக்கும் அனுப்பியவரின் பெயர், தொலைபேசி இலக்கம், பொதி இலக்கம் ஆகியவற்றைப் பணம் கொடுக்குமுன் படம்பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டளையிடாத பொதி வந்தால், யாருக்கு வந்தது என்று தெரியாமல் பணம் கொடுக்க வேண்டாம் என்று வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வங்கி அட்டையால் பணம் செலுத்தியிருந்தால், பொருள் வராதபோதோ போலியாக இருக்கும்போதோ அட்டையை வழங்கிய வங்கியிடம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வங்கி விசாரித்து, விற்றவரின் வங்கி மூலம் பணத்தை மீளப் பெற முயலும். இதற்கும் காலக்கெடு உண்டு. எனவே அன்றைக்கே வங்கிக்கு அறிவியுங்கள். வங்கி கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

மிகவும் ஆபத்தானது, முன்பின் தெரியாத தனிநபரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் போடுவது. போட்டவரே விரும்பி அனுப்பிய பணம் என்பதால் வங்கி அதை எளிதில் திருப்ப முடியாது. கைத்தொலைபேசி மூலம் பணம் அனுப்புவதும் இதைப் போன்றதே. கடையின் பெயர் ஒன்று, கணக்கின் பெயர் வேறொன்று என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பொதி வந்ததும் செய்ய வேண்டியவை

அதிகாரிகள் முன் நமது பேச்சை விட ஆதாரமே அதிகம் பேசும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம், மின்னணு வடிவில் உள்ள ஒப்பந்தத்தையும் பதிவுகளையும் சட்டம் ஏற்றுக்கொள்ளும் என்று கூறுகிறது. ஆகவே குறுஞ்செய்தியும் வட்ஸ்அப் உரையாடலும் கடதாசிப் பற்றுச்சீட்டைப் போலவே பயன்படும். பின்வருவனவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

1. கட்டளையிடும் அன்றே விளம்பரத்தைத் திரையில் படம்பிடித்து வையுங்கள். பொருளின் பெயர், விலை, விளக்கம், உத்தரவாதக் காலம் எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். பிறகு அந்த விளம்பரத்தை அழித்துவிடக்கூடும்.

2. பொதியைத் திறக்கும்போது மற்றொருவர் வீடியோ எடுக்கட்டும். பொதியின் மேல் உள்ள இலக்கத்தைக் காட்டித் தொடங்கி, பொருள் வெளியே வரும்வரை இடையில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும்.

3. பெட்டி, உறை, சீட்டு எதையும் எரித்துவிட வேண்டாம். பல கடைகள் மூலப் பெட்டி இல்லாமல் பொருளைத் திரும்ப ஏற்காது.

4. போலி என்று சந்தேகம் வந்ததும் பொருளைப் பாவிப்பதை நிறுத்துங்கள். பாவித்துவிட்டுத் திருப்பினால் குறை உங்கள் மேல் வந்துவிடும்.

5. விற்றவருக்குத் தொலைபேசியில் பேசினாலும், பேசியதையே குறுஞ்செய்தியாகவும் எழுதி அனுப்புங்கள். பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்து நிற்கும்.

இடம்பெயர்ந்தோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தற்காலிகக் கொட்டிலுக்கு வீட்டு இலக்கம் கிடையாது. பொதி பழைய லயத்து முகவரிக்கோ, தோட்டக் காரியாலயத்துக்கோ, சந்தியிலுள்ள கடைக்கோ போய், பல நாட்களுக்குப் பின்னரே கைக்கு வரும். திருப்பும் நாட்கள் அதற்குள் கழிந்துவிடும். எனவே பொதி வந்தால் உடனே அறிவிக்கக்கூடிய ஒருவரின் முகவரியைக் கொடுங்கள். அதேபோல் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைத்தொலைபேசியிலும் அவரின் கணக்கிலும் கட்டளையிட்டால், திருப்பப்படும் பணம் அந்தக் கணக்குக்கே போகும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். உறவு கெடாமல் இருக்க இது உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோருக்கு முக்கியமானது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். இதிலுள்ள சில பிரிவுகளை நினைவில் வைத்திருங்கள்.

30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் விதத்தில் நடக்கக்கூடாது என்கிறது. 31ஆம் பிரிவு, பொருளின் தரம், வகை, தன்மை முதலியவை பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. 28ஆம் பிரிவின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். "இது முகநூல் வியாபாரம், பில் கிடையாது" என்று சொல்ல முடியாது.

நமக்கு மிகவும் தேவையானது 13ஆம் பிரிவு. வியாபாரி கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி அதிகார சபையிடம் முறையிடலாம் என்று அது சொல்கிறது. உத்தரவாதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் உட்கிடையாக இருந்தால் போதும். விசாரணையின் பின்னர் நட்டஈடு கொடுக்கும்படியோ, பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ அதிகார சபை வியாபாரிக்குக் கட்டளையிடலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். "நாளைக்கு அனுப்புகிறேன், அடுத்த வாரம் அனுப்புகிறேன்" என்று இழுத்தடிக்கும் வியாபாரிகளின் நோக்கம் பல வேளைகளில் இந்தக் காலத்தைக் கழிப்பதுதான். வியாபாரியின் வாக்கை நம்பிக் காத்திருந்தாலும், நாட்காட்டியில் அந்த மூன்று மாத நாளைக் குறித்து வையுங்கள்.

இதற்கு அடிப்படை மிகப் பழையது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே, விவரித்துச் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. வந்த பொருள் படத்தில் காட்டியதாக இருக்க வேண்டும் என்று கேட்பது நூறாண்டுக்கு மேல் நிலைத்திருக்கும் உரிமை. அது யாரும் நமக்குச் செய்யும் தயவு அல்ல.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

முதற்படி: விற்றவருக்கு எழுதுங்கள். தளத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்திலேயே "திருப்புதல்" பகுதியில் பதிவு செய்யுங்கள். பணத்தை எதிர்காலக் கொள்வனவுக்குரிய கூப்பனாகத் தருவார்களா, கணக்கில் இடுவார்களா என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள். விற்றவர் உங்களைத் தளத்துக்கு வெளியே வரச் சொல்லி, "தனியாகப் பேசி முடிப்போம், முறைப்பாட்டை எடுத்துவிடுங்கள்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். எடுத்துவிட்டால் மீண்டும் பதிவு செய்ய முடியாமல் போகலாம்.

இரண்டாம் படி: 7 நாட்களில் தீர்வு இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குச் செல்லுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து, உங்கள் மாவட்ட அலுவலகத்தின் முகவரியைக் கேட்டு, எழுத்து மூல முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

மூன்றாம் படி: பணத்தை வாங்கிக்கொண்டு பொருளையே அனுப்பாதவர், வேண்டுமென்றே வெறும் பெட்டியை அனுப்பியவர், பொய்யான பெயரில் நடித்தவர் ஆகியோர் செய்தது வியாபாரத் தவறு மட்டுமல்ல, தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் ஏமாற்றுதல் என்னும் குற்றம். பொலிஸ் நிலையத்தில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். போலி இணையப் பக்கங்கள் பற்றி இலங்கைக் கணினி அவசர பதிலளிப்புக் குழுவுக்கு 101 என்ற இலக்கத்திலும் அறிவிக்கலாம்.

நான்காம் படி: விற்றவர் நமது பிரதேசத்தவராகவே இருந்தால் மத்தியஸ்த சபை நல்ல வழி. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இச்சபைகளில் வழக்கறிஞர் தேவையில்லை. இரு தரப்பாரும் இணங்காவிட்டால் சபை அதற்கொரு சான்றிதழ் தரும். பின்னர் நீதிமன்றம் செல்ல அது உதவும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் அரசகரும மொழி. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள மாவட்டத்திலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும், பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினால், மொழி உரிமை பற்றி முறையிட 1956 என்ற இலக்கம் உண்டு.

மாதிரி முறைப்பாட்டுக் கடிதம்

பின்வரும் மாதிரியைப் பார்த்து எழுதுங்கள். பெரிய சொற்கள் தேவையில்லை. தேதியும் தொகையும் சரியாக இருந்தால் போதும்.

"அனுப்புபவர்: (முழுப் பெயர், தற்போதைய முகவரி, தொலைபேசி இலக்கம்)
பெறுநர்: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, (மாவட்ட அலுவலகம்)

ஐயா / அம்மணி,

போலிப் பொருள் விற்றமை தொடர்பான முறைப்பாடு

நான் (தேதி) அன்று (கடையின் அல்லது பக்கத்தின் பெயர்) என்னும் இணையக் கடையில் (பொருளின் பெயர்) ஒன்றைக் கட்டளையிட்டேன். விலை (தொகை) ரூபா. பணத்தை (செலுத்திய வழி) மூலம் (தேதி) அன்று செலுத்தினேன். பொதி (தேதி) அன்று கிடைத்தது. பொதி இலக்கம் (இலக்கம்).

விளம்பரத்தில் (சொன்னது) என்று கூறப்பட்டிருந்தது. ஆனால் கிடைத்தது (உண்மையில் வந்தது). (தேதி) அன்று விற்றவருக்கு எழுத்தில் அறிவித்தேன். அவர் (பதில்) என்றார் / பதில் தரவில்லை.

எனவே நான் செலுத்திய (தொகை) ரூபாவைத் திருப்பித் தரும்படி அவருக்குக் கட்டளையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விளம்பரத்தின் படம், பணம் செலுத்திய சான்று, பொருளின் படங்கள், குறுஞ்செய்திகளின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம், (கையொப்பம், தேதி)"

மூல ஆவணங்களை ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். நகல்களை மட்டும் இணையுங்கள்.

பணம் தருவதாகச் சொல்லும் திருடர்கள்

ஒருமுறை ஏமாந்தவரைத் தேடி இரண்டாவது மோசடியும் வரும். முகநூலில் உங்கள் குறையைப் பார்த்துவிட்டு, "நாங்கள் கடையின் வாடிக்கையாளர் பிரிவு, உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று யாரோ அழைப்பார்கள். அட்டை இலக்கத்தையும், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறை இரகசிய எண்ணையும் கேட்பார்கள். கொடுத்தால் கணக்கில் மிச்சமிருப்பதும் போய்விடும். பணத்தை உங்கள் கணக்கில் இடுவதற்குக் கணக்கு இலக்கமும் பெயரும் போதும். இரகசிய எண் என்பது பணத்தை வெளியே எடுப்பதற்கான திறப்பு. உள்ளே போடுவதற்கு அது தேவையில்லை. "உங்கள் பொதி தபாலகத்தில் நிற்கிறது, சிறு தொகை கட்டுங்கள்" என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்திகளும் இப்படிப்பட்டவையே. இவை குறித்துத் தபால் திணைக்களமும் மக்களை எச்சரித்திருக்கிறது.

இணையத்தில் வாங்கக்கூடாதவை, சோதித்து வாங்க வேண்டியவை

சில பொருட்களில் பணம் திரும்பி வந்தாலும் போனது திரும்பாது.

களைநாசினி, பூச்சிநாசினி: 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இவை பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். உரிமம் பெற்ற இடத்தில்தான் விற்கப்பட வேண்டும். 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டபோதும், 2021இல் இரசாயன உர, மருந்து இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும் கடல் வழியாகக் கடத்தப்பட்ட சரக்குகள் பல பிடிபட்டன. தட்டுப்பாடு வரும்போது போலியும் வரும் என்பதற்கு இது பாடம். போத்தலில் மும்மொழி விபரமும் பதிவு இலக்கமும் இல்லையென்றால் அதை வாங்க வேண்டாம். கொழுந்துக்கு அடித்துவிட்டு அழுவதில் பயனில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

விதைகள்: நீல நிற ஸ்ட்ரோபெரி, வானவில் நிற ரோஜா என்று விளம்பரம் செய்து விற்கும் விதைகள் உலகெங்கும் அறியப்பட்ட ஏமாற்று. அப்படி ஒரு செடி இல்லை. விதை முளைத்து, பூத்து, வேறு செடி என்று தெரிய வரும்போது மூன்று மாதக் கெடுவும் போய், ஒரு போகமும் போயிருக்கும். வெளிநாட்டிலிருந்து அனுமதியின்றி விதை வரவழைப்பதும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதமானது.

மருந்து, வெள்ளையாக்கும் களிம்பு: மருந்துகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். முகத்தை ஒரே வாரத்தில் வெளுப்பாக்கும் என்று விற்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நமது இளம் பெண்பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசி: *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எண் திரையில் தெரியும். அந்த நான்கு ஆங்கில எழுத்துக்களையும் தட்டி, இடைவெளி விட்டு, எண்ணை எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அது உள்ளதா என்று பதில் வரும். பெட்டியில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மின்சாரப் பொருட்கள்: செருகி, ஆளி, மின்கம்பி ஆகியவற்றில் எஸ்.எல்.எஸ். முத்திரையைப் பாருங்கள். பலகையாலும் தகரத்தாலும் அமைந்த தற்காலிக வீட்டில் தரமற்ற ஒரு மின்கம்பி போதும், மறுபடியும் எல்லாவற்றையும் இழப்பதற்கு.

நம்மவரே விற்றால்?

லயத்துப் பிள்ளைகள் சிலர் கொழும்பிலிருந்து பொருள் எடுத்து வட்ஸ்அப்பில் விற்றுச் சிறு வருமானம் தேடுகிறார்கள். அது நல்ல முயற்சியே. ஆனால் விற்கத் தொடங்கியவுடன் சட்டத்தின் கண்ணில் அவரும் ஒரு வியாபாரி. தனக்குத் தந்தவர் போலியைத் தந்திருந்தாலும், வாங்கியவருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. தெரிந்த பிள்ளை என்பதற்காகக் குறையை மறைக்கவும் வேண்டாம், ஊரெல்லாம் பழி சொல்லவும் வேண்டாம். ஆதாரத்தோடு பேசி, பணத்தைத் தவணையாகவேனும் திருப்ப வழி செய்யுங்கள். அவரும் தனக்கு விற்றவர்மீது முறைப்பாடு செய்யத் துணையாக நில்லுங்கள். அதேபோல் நாம் ஏமாந்து வாங்கிய போலியை இன்னொருவர் தலையில் கட்டிவிடுவதும் தகாது. அப்போது ஏமாற்றியவர் நாமாகிவிடுவோம்.

கூட்டாகச் செய்தால் எளிது

ஒருவருடைய 3,000 ரூபாவுக்காக மாவட்டச் செயலகத்துக்குப் போய் வந்தால் பஸ் செலவும் ஒரு நாள் பேரும் போகும். விற்பவர்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிவார்கள். ஆகவே ஒரே பக்கத்தில் ஏமாந்த ஐந்து குடும்பங்கள் தத்தம் கடிதங்களை எழுதி, ஒருவரிடம் கொடுத்தனுப்பலாம். ஒரே வியாபாரிமீது பல முறைப்பாடுகள் சேரும்போது அதிகாரிகளும் விரைந்து கவனிப்பார்கள். மாதர் சங்கமோ மரண உதவிச் சங்கமோ தனது மாதாந்தக் கூட்டத்தில் பத்து நிமிடங்களை இதற்கு ஒதுக்கலாம். யார் எங்கே வாங்கினார்கள், எது நன்றாக இருந்தது, எது போலி என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அடுத்து வாங்குபவருக்கு அது வழிகாட்டும். படித்த பிள்ளை ஒருவர் கடிதம் எழுதவும், மற்றொருவர் திரையைப் படம்பிடித்துக் கொடுக்கவும் பொறுப்பேற்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏமாந்ததை வெட்கம் என்று எண்ணி மறைக்காதீர்கள். அரசாங்கங்களும் பெரிய வங்கிகளும்கூட வந்த சரக்கில் ஏமாந்து வழக்காடியதுண்டு. 2021இல் சீனாவிலிருந்து வரவிருந்த சேதன உரத்தின் மாதிரியில் தீங்கு செய்யும் நுண்ணுயிர் இருப்பதாக நமது தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை கூறியது. உரம் இறக்கப்படவேயில்லை. ஆனாலும் 2022 ஜனவரியில் பெருந்தொகை டொலரைச் செலுத்த வேண்டி வந்தது. பொருளைச் சோதித்துப் பார்க்குமுன் பணத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டால் நாடே ஆனாலும் நிலை அதுதான். வாங்குமுன் பாருங்கள், வாங்கியதை எழுதி வையுங்கள், குறை கண்டால் மூன்று மாதத்துக்குள் கேளுங்கள்.